ஓடுகிற ப்ராக்ஸியின் லிமிட்

"...லிமிட்டை நானே ஏத்தி வெச்சேன். அப்பறமும் ப்ராக்ஸி சர்வர் விழுதுன்னா என்ன அர்த்தம்? இந்தம்மா கைராசி, அஷ்டே, அவ்வளவுதான்!" என்றார் எங்கள் டீம் லீட், என்னைக் காட்டி. ஹெப்பாள் ஆபீஸிலிருந்து கிளம்பிய கம்பெனி பஸ் முழுக்கக் கேட்டது. என்னை வேலையில் வைத்துக்கொள்வதா என்று மறுநாள் முடிவு செய்யப்போகும் மேனேஜர் முன்சீட்டில் இருந்தார்.

தினமும் இதே பாட்டுதான். அந்தக் 'கைராசி'யை மட்டும் மனதில் பத்திரமாக வைத்திருந்தேன்.

உண்மை அன்று மதியமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆபீஸின் இன்டர்நெட் எல்லாம் கடந்துபோகும் ப்ராக்ஸிக்கு வரும் ஒவ்வொரு இணைப்பையும் லினக்ஸ் ஒரு திறந்த ஃபைலாக எண்ணும்; எண்ணிக்கை வரம்பைத் தொட்டால் ப்ராக்ஸி விழும். டீம் லீட் வரம்பை உயர்த்தியது லாகின் செய்கிற ஆட்களுக்கு. ப்ராக்ஸிக்கு அதன் சர்வீஸ் ஃபைலில் தனியாக எழுதவேண்டும், அவர் எழுதவில்லை. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். பஸ் நிறையட்டும் என்று இருந்துவிட்டேன்.

லேப்டாப்பை அவர் மடியில் வைத்தேன். "ஓடிட்டிருக்கிற ப்ராக்ஸியோட லிமிட், சார். சத்தமா படிங்க, எல்லாருக்கும் கேக்கட்டும்."

"ஆயிரத்து இருபத்திநாலு" என்றார், சத்தமே இல்லாமல்.

"நீங்க ஏத்துனது?"

"அறுபத்தஞ்சாயிரம்..."

"அப்ப இது யார் கைராசி சார்?"

பின்சீட்டில் சிரிப்பு வெடித்தது. எனக்கு வயிறு குளிர்ந்தது. மேனேஜர் திரும்பி, "இனிமே ப்ராக்ஸி இவங்க பொறுப்புலயே இருக்கட்டும்" என்றார்.

டீம் லீட் லேப்டாப்பை மூடி என்னிடம் நீட்டினார். பையை எடுத்துக்கொண்டு முன்னால் போனவர், வீடு வெகுதூரம் இருக்கும்போதே டிரைவரை நிறுத்தச் சொல்லி இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.