பத்தாவது துண்டை ஜெஸீம் வாசித்தான்

பரீனா மன்னிக்கிற பெண் அல்ல. எருக்கலம்பிட்டியில் சிலர் அதை அவளுடைய குறையாகச் சொல்கிறார்கள். ஏமாற்றியவனிடம் யாரும் பொறுமை கேட்டு நான் கண்டதில்லை, ஏமாந்தவளிடம்தான் கேட்பார்கள். ஆகையால் அந்தக் குறையோடேயே அவளை எழுதுகிறேன்.

நண்டு ஏற்றுமதி செய்யும் கம்பனியொன்றில் அவளுக்குத் தரம் பிரிக்கும் வேலை. பெரிய நண்டைக் கண்டு மயங்கமாட்டாள். ஓட்டின் அடிப்பக்கத்தைப் பெருவிரலால் அழுத்துவாள். அமுங்கினால் உள்ளே சதையில்லை, வெறும் தண்ணீர். தூக்கி எறிவாள். கணவர் ஆதம்பாவா சிலாவத்துறைப் பக்கம் கடலட்டைக்கும் சங்குக்கும் இருபது வருடம் சுழியோடியவர். தடிமன் பிடித்து மூக்கடைத்திருந்த நாட்களிலும் படகுக்காரர்கள் அவரை ஆழத்தில் இறக்கினார்கள்; நீரின் அமுக்கத்தில் காது கெட்டது. ஐம்பத்தைந்து வயதில் தொலைக்காட்சிச் செய்தியில் ஒரு சொல்கூட அவருக்கு விளங்கவில்லை.

பேச்சு விளங்க ஒரு ஸ்பீக்கர் பெட்டி வேண்டுமென்று இருவரும் மன்னார் பஸாரில் ஜெஸீமின் கடைக்குப் போனார்கள். ஜெஸீம் இடுப்பளவு ஸ்பீக்கரில் மேளப் பாட்டொன்றைப் போட்டுவிட்டான். ஆதம்பாவா பெட்டியில் கையை வைத்துச் சிரித்தார்.

"பாத்தீங்களா ராத்தா! காக்காவுக்குக் கேக்குது. கல்யாண வீட்டுக்கே இது ஒண்டு காணும்" என்றான், இருவரையும் அக்கா, அண்ணன் முறை வைத்து.

நண்டின் பருமனை நம்பாதவள் பெட்டியின் பருமனை நம்பினாள். வீட்டில் செய்தி போட்டபோது அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. ஆதம்பாவாவுக்குச் சொல் ஒன்றும் விளங்கவில்லை. கடையில் அவருக்கு எட்டியது மேளத்தின் அதிர்வு, காதிலும் நெஞ்செலும்பிலும்; பேச்சல்ல.

மறுநாள் பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோனார்கள். ஜெஸீம் கடையில் நின்ற வாடிக்கையாளர்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, ஆதம்பாவாவின் காதுக்குள் கத்தினான்: "பெட்டி நல்லம் காக்கா! உங்கட காதுதான் செத்துப்போச்சு!"

கடை சிரித்தது. பெட்டியை அவன் திருப்பி எடுக்கவில்லை. அந்த ஒரு வசனம் மட்டும் ஆதம்பாவாவுக்கு நன்றாக விளங்கிவிட்டது. அன்றிலிருந்து அவர் தொலைக்காட்சியைப் போடவில்லை. ஆஸ்பத்திரியின் காதுக் கிளினிக் அட்டையை அலுமாரிக்குள் எறிந்தார். பேரப்பிள்ளை பேசினாலும் கையை விரித்துக் காட்டினார். "செத்த காதோட எங்க போறது?" என்றார்.

சொன்ன வாயே அதை மாற்றிச் சொல்ல வேண்டும் என்று பரீனா முடிவெடுத்தாள்.

அட்டையை எடுத்துக்கொண்டு அவளே ஆஸ்பத்திரிக்குப் போனாள். காது சோதிக்கும் மிஸ் பழைய சோதனையின் கோட்டுப் படத்தைக் காட்டினாள்.

"பாருங்கோ, தடிச்ச சத்தம் இவருக்குக் கேக்குது. மெல்லிய, கூரான சத்தம்தான் குறைஞ்சிட்டுது. அதாலதான் பேச்சு விளங்குதில்ல. மேளத்தைக் கூட்டுற பெட்டி இவருக்கு உதவாது. குரல் தெளிவா வாற சின்னதொண்டைக் காதுக்குக் கிட்ட வையுங்கோ."

பரீனா கூட வேலை செய்கிறவர்களிடம் மூன்று சின்ன ஸ்பீக்கர்களை இரவல் வாங்கினாள். ஆதம்பாவா உதட்டைப் பார்த்துப் பேச்சை ஊகிக்கிறவர். அதனால் அவரைச் சுவரைப் பார்த்து இருத்தி, பின்னால் நின்று ஒவ்வொன்றிலும் பத்துப் பத்துச் சொல்லாக வாசித்து, சரி பிழை குறித்தாள். வென்றது, ரியூசன் ஆசிரியர்கள் மைக்கோடு இடுப்பில் கட்டுகிற சாமான். கடைகளில் கிடைப்பதில் ஆக மலிவானது. தொலைக்காட்சி வயரையும் அதில் குத்தலாம். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் நான் கண்டதை விட நேர்மையான சோதனை அது.

ஆதம்பாவா நம்பவில்லை. "நீ கத்துறாய், அதான் கேக்குது. செத்த காது செத்ததுதான்."

அடுத்த சனிக்கிழமை, கடை நிறைந்த நேரம், பெட்டியையும் சின்னச் சாமானையும் அவரையும் ஓட்டோவில் ஏற்றினாள். கடை வாசலில் வீதியைப் பார்க்கக் கதிரை போட்டு அவரை இருத்தினாள்.

"இதென்ன கூத்து ராத்தா?"

"பெட்டி நல்லமெண்டு சொன்னனீங்கதானே தம்பி? உங்கட வாயால வாசிச்சுக் காட்டுங்கோ. ஆக்கள் பாத்து இன்னும் நாலு வாங்குவாங்க."

இத்தனை பேர் முன்னால் அவனால் மறுக்க முடியவில்லை. அவள் சொல் எழுதிக் கொடுத்த ஒன்பது காகிதத் துண்டுகளைப் பெரிய பெட்டியின் மைக்கில் வாசித்தான்; பத்தாவதை அவள் கையிலேயே வைத்துக்கொண்டாள். வெள்ளம், சீனி, பள்ளி... ஆதம்பாவா இரண்டைச் சரியாகச் சொன்னார். பரீனா துண்டுகளைக் கலைத்து, சின்னச் சாமானை அவர் தோளருகே பிடித்தாள். ஜெஸீம் அதன் மைக்கில் வாசித்தான். இந்தமுறை ஏழு சரி.

"முதலாளி, ரியூசன் மிஸ்மார் இடுப்பில கட்டுற சாமான் உங்கட பெட்டிய அடிச்சுப்போட்டுது!" என்று ஒருவர் கத்தினார். பெரிய பெட்டிக்கு விலை பேசிக்கொண்டிருந்தவர் மெல்ல நழுவினார்.

ஜெஸீம் குனிந்தான். "பெட்டியத் திருப்பி எடுக்கிறன் ராத்தா. இதோட விடுங்கோ."

"எடுக்கத்தான் வேணும். முதல்ல பத்தாவது துண்டு." அவள் அதை அவனிடம் நீட்டினாள்.

பிரித்துப் பார்த்தவனின் முகம் கறுத்தது. "இத வாசிக்க ஏலா."

"ஏன் தம்பி? செத்த காதுதானே. கேக்கவா போகுது?"

"வாசிங்கோ!" என்றது கூட்டம்.

சின்ன மைக்கை வாயருகே பிடித்து வாசித்தான்: "உங்கட காது சாகல்ல காக்கா. நான்தான் பிழையான பெட்டியத் தந்து உங்கள ஏமாத்தினனான்."

ஆதம்பாவா எழுந்து கதிரையைக் கடைப்பக்கமாகத் திருப்பிப் போட்டு, ஜெஸீமுக்கு நேரே அமர்ந்தார்.

"இன்னொருக்காச் சொல்லு."

"கேக்கல்லயா காக்கா?"

"எனக்கு வடிவாக் கேட்டுது. பஸாருக்கும் கேக்கட்டும். அந்தப் பெரிய பெட்டியில சொல்லு."