தனிக்கட்டையின் பென்ஷன்

காசிலிங்கத்துக்கு வாய் ஜாஸ்தி. பெண்டாட்டி எதிரில் மட்டும் அந்த வாய் பூட்டிக்கொள்ளும். பிரான்சில் கார் கம்பெனியில் இருபது வருஷம் உழைத்துவிட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டில் புதுச்சேரிக்கே திரும்பி வந்த மனிதர். கம்பெனிப் பென்ஷனை இங்குள்ள பாங்குக்கு மாற்றிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம் என்று கணக்குப் போட்டார். நிம்மதியாவது, மண்ணாவது!

நாட்டைவிட்டுப் போனவனுக்கு வரியைப் பிடித்துக்கொண்டுதான் அனுப்புவோம் என்று பிரான்சிலிருந்து பதில் வந்தது. பிடித்தமும் கொஞ்சநஞ்சமில்லை. பிரெஞ்சுக் காகிதங்களைப் படித்துச் சொல்லும் ஆதிமூலத்திடம் ஓடினார்.

"ஏன் முசியே, உங்களத் தனிக்கட்டைன்னு போட்டிருக்கு? பொண்டாட்டி இருக்காங்கன்னு காமிச்சா வரி கொறையும். அத வுடுங்க, நாளைக்கு நீங்க கண்ண மூடிட்டா அவங்களுக்குப் பாதிப் பென்ஷன் வரணுமே. இப்பிடியே இருந்தா ஒத்தப் பைசா வராது."

அப்படி எழுதிக்கொடுத்தவரே காசிலிங்கம்தான். வீராம்பட்டினத்தில் அம்மன் சன்னதியில் தாலி கட்டியவர், மேரி என்று ஊரார் சொல்லும் நகராட்சி அலுவலகத்தில் கல்யாணத்தைப் பதியவில்லை. அம்மனே சாட்சி, மேரி எதற்கு என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். பிரான்சில் வேலைக்குச் சேர்ந்தபோது கல்யாணப் பத்திரம் எங்கே என்றார்கள். இல்லாத பத்திரத்துக்கு எங்கே போவது? பொய் சொன்னதாக வேலையே போய்விடுமோ என்று பயந்து, கல்யாணமாகாதவன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். சரியான தொடைநடுங்கி!

இப்போதாவது மேரியில் கல்யாணத்தைப் பண்ணிப் பதிந்துவிடுங்கள் என்றார் ஆதிமூலம். போன மாதம்தான் டாக்டர், காசிலிங்கத்துக்கு நெஞ்சு பலவீனம் என்று சொல்லியிருந்தார். இனி தள்ளிப்போடுவதற்கில்லை.

மீன் ஆய்ந்துகொண்டிருந்த பெண்டாட்டி தில்லையம்மாளிடம் எதையும் மறைக்காமல் சொன்னார். அவள் கை நின்றுவிட்டது.

"அப்ப இத்தினி வருசமா நான் யாரு? ஒங்க ஆத்தாவுக்குக் கஞ்சி ஊத்துனவ, ஒங்க புள்ளைய ஆளாக்குனவ, அவ யாரோ எவளோவா?"

"காயிதத்துலதான் தில்லை..."

"அறுவதாங் கல்யாணம் பண்ணிக்கலாம்னப்ப வெட்டிச் செலவுன்னீங்க. இப்ப வரிக்காவக் கல்யாணமா?"

"வரி கெடக்குது கழுத! நான் போயிட்டா நீ ஒருத்தர் கையயும் எதிர்பாத்து நிக்கக் கூடாது. அந்தப் பயந்தான் என்னத் தூங்க வுடல."

அவள் அரிவாள்மனையைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதன்பிறகு வேளாவேளைக்குச் சோறு வந்தது, பேச்சு வரவில்லை. பாவம், அந்த மௌனத்தில் மனிதர் பாதியாக இளைத்துப்போனார்.

ஆனாலும் மேரியில் சொன்ன தேதிக்கு அவரோடு கிளம்பி வந்தாள். அதிகாரி முறைப்படி கேட்டார்.

"ஏம்மா, இவரக் கட்டிக்க உங்களுக்குச் சம்மதமா? யாரும் கட்டாயப்படுத்தலியே?"

தில்லையம்மாள் வாயே திறக்கவில்லை. காசிலிங்கம் அவள் முகத்தையே பார்த்தார். மாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ? சொன்னால்தான் என்ன, அவள் பக்கம் நியாயம் இருக்கிறதே! சாட்சிக்கு வந்த ஆதிமூலம் இருமிப் பார்த்தார்.

"தப்பா நெனைக்காதீங்க சார்," என்றாள் கடைசியில். "பதினாலு வயசுல இழுத்தாந்து மணையில ஒக்கார வச்சாங்க. அன்னிக்கு இத ஒருத்தரும் எங்கிட்டக் கேக்கல. திடுதிப்புனு கேட்டதும் எனக்கு என்னமோ ஆயிப்போச்சு."

பிறகு புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். வழுக்கைத் தலையும் இளைத்த உடம்புமாக நின்றுகொண்டிருந்தார்.

"சம்மதந்தான் சார். இந்தத் தடவ நானே சொல்றேன்."

காசிலிங்கம் ஐயோ என்று முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.