மனோரா வரை ஒரு சிறு நடை

வேட்டி கட்டும்போதுதான் அது முதலில் தெரிந்தது. இடுப்பைச் சுற்றித் துணியை இழுத்துச் செருகுவதற்குள் மூச்சு வாங்கிற்று. கட்டிலில் உட்கார்ந்து, அது அடங்கியபின் எழுந்து மறுபடியும் கட்டினேன். வயது என்று நினைத்தேன். பிறகு வறட்டு இருமல் வந்தது. அதையும் வயதின் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டேன்.

பட்டுக்கோட்டையில் பார்த்த மருத்துவர் தஞ்சாவூருக்கு அனுப்பினார். அங்கே ஸ்கேன் எடுத்துப் பார்த்து, நுரையீரல் நார்ப்பெருக்கம் (நுரையீரலின் மெல்லிய திசு தழும்பேறித் தடித்து, விரிய இயலாமற் போவது) என்றார்கள். தழும்பு விழுந்த இடம் பழையபடி ஆகாது. மேலும் பரவாமல் பார்க்கலாம் என்பதே சிகிச்சை. மாத்திரைகள் பசியைக் கொன்றன. விரலில் ஆக்சிமீட்டரை (இரத்தத்தில் உள்ள பிராணவாயுவைக் காட்டும் சிறு கருவி) மாட்டிக்கொண்டு, பரீட்சை முடிவைப் பார்ப்பவன்போல் அதையே பார்த்திருந்தேன்.

எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது ‘வரேன்’ என்று சொல்வதில்லை. சொன்னால் மறுபடி வர நேரும் என்பது நம்பிக்கை. பழக்கத்தில் என் வாய் அச்சொல்லுக்குத் திறக்கும் ஒவ்வொரு முறையும் என் மனைவி அமிர்தம் முழங்கையால் இடிப்பாள்.

ஆகையால், ஒரு நாள் தஞ்சாவூர் மருத்துவரே ‘இனி வர வேண்டாம்’ என்று சொன்னபோது என் காதில் அது வரமாகவே விழுந்தது.

“ஐயா, இனிமே நீங்க இவ்வளவு தூரம் அலைய வேண்டாம். இருக்கிற மாத்திரையே போதும். பிடிச்சதைச் சாப்பிடுங்க. பிடிச்ச இடத்துக்குப் போய்ட்டு வாங்க.”

நான் எழுந்து நின்று கைகூப்பினேன். அமிர்தம் பின்தங்கி வந்தாள். மருந்துச்சீட்டைச் சரிபார்க்கிறாள் என்று எண்ணினேன். வரும் வழியில் காரை நிறுத்தி வறுத்த கடலை வாங்கித் தின்றேன். அவளுக்கும் கொடுத்தேன். அவள் கையிலேயே வைத்திருந்தாள்.

பிடித்த இடம் எது என்று யோசித்து மனோராவைச் சொன்னேன். மல்லிப்பட்டினத்துக்கு அப்பால் கடலோரமாக, தஞ்சை மன்னர் கட்டிய எட்டடுக்குக் கோட்டை. வியாபார வேலையாகப் பலமுறை அதைக் கடந்து போயிருக்கிறேன், இறங்கி நடந்ததில்லை. சாலையிலிருந்து சவுக்கு மரங்களினூடே ஒரு மணற்பாதை உண்டு. பிள்ளைகள் ஓடியே கடந்துவிடும் தூரம். நான் குணமாகிவிட்டேன் என்பதை என் கால்களுக்குக் காட்ட வேண்டியிருந்தது.

“வாசல் வரைக்கும் கார் போகுமே ஐயா,” என்றார் ஓட்டுநர். “நடக்கிறதுக்கா என்னைக் கூட்டியாந்தீங்க?”

“நீ ஏசி போட்டுத் தூங்கு,” என்றேன்.

சவுக்கின் உதிர்ந்த ஊசிகள் மணலின் மேல் மெத்தைபோல் கிடந்தன. கடல் தெரியவில்லை; அதன் இரைச்சல் மட்டும் மரங்களுக்குள் வந்துகொண்டிருந்தது. தொடக்கத்தில் நன்றாகவே நடந்தேன். அமிர்தம் ஒவ்வொரு மரத்தடியிலும் எதையோ பார்க்கிறவள்போல் நின்றாள்.

“என்ன, நல்லா இருக்கிற நீயே பின்தங்குறே?”

“ஆமா, எனக்குத்தான் முடியலை. மெதுவாப் போங்க.”

அடிமரங்களுக்கிடையே கோட்டையின் வெளிறிய சுவர் தெரியத் தொடங்கிய இடத்தில் மூச்சு நின்றுபோனதுபோல் ஆயிற்று. உள்ளே இழுத்தேன், எதுவும் போகவில்லை. ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்தேன். அவள் என் சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, முந்தானையால் விசிறினாள்.

பேச்சு திரும்பியதும், “டாக்டரே வர வேண்டாம்னு சொல்லிட்டாரே. அப்புறம் ஏன் இப்படி?” என்றேன்.

அவள் விசிறுவதை நிறுத்தவில்லை. “அவர் சொன்னது அது இல்லீங்க.”

“வேறென்ன?”

“இனி வந்தாலும் செய்யறதுக்கு ஒண்ணும் இல்லைன்னார். நான் நின்னு கேட்டேன்.”

“ஏன் சொல்லலை?”

“குழந்தை மாதிரி கடலை வாங்கித் தின்னீங்க. அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்றது?”

சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டேன். பிறகு நான், “நீயாவது போய்ப் பார்த்துட்டு வா,” என்றேன்.

“கல்லைப் பார்க்கவா வந்தேன்? சும்மா இருங்க.”

திரும்பி நடந்தோம். சற்றுமுன் போன அதே பாதைதான். ஆனால் மரத்துக்கு மரம் வெகுதூரமாக இருந்தது.

இதே நோயுடன் இதை வாசிப்பவருக்கு ஒன்று சொல்வேன். மருத்துவர் மென்மையாகச் சொல்லும் சொல்லின் பொருளை அங்கேயே கேட்டுவிடுங்கள். கேட்க விருப்பமில்லையெனில் அதுவும் உங்கள் உரிமை. பிழையாகப் புரிந்துகொண்டதால் எனக்குச் சில நல்ல நாட்கள் கிடைத்தன. அவை பொய் என்று என்னால் சொல்ல இயலவில்லை.

இப்போது வீட்டில் பிராணவாயு இயந்திரம் ஓடுகிறது. மூக்கில் குழாய். கட்டிலிலிருந்து குளியலறை ஒரு பயணம். பேசுமுன் வாக்கியத்தை மனத்தில் வெட்டிக் குறுக்கிக்கொள்கிறேன். மூச்சுக்குள் அடங்குவதே பேச்சு. முன்பு நான் அறியாமலே ஓடிக்கொண்டிருந்த மூச்சை இப்போது ஒவ்வொரு முறையும் நானே இழுக்க வேண்டியிருக்கிறது.

நேற்று எங்கள் சிறு தோப்பில் தேங்காய் வெட்டுகிறவர் தொலைபேசியில் அழைத்தார். “ஐயா, இந்த வெட்டு முடிஞ்சுது. அடுத்த வெட்டு எப்ப வச்சுக்கலாம்?”

பழக்கத்தில் பதில் சொல்ல வாயெடுத்தேன். பிறகு தொலைபேசியை அமிர்தத்திடம் நீட்டினேன். அவள் மாத நாள்காட்டியில் இரண்டு மாதம் தள்ளித் தாளைப் புரட்டி ஒரு தேதியைச் சொன்னாள். குரல் சாதாரணமாகவே இருந்தது. புரட்டிய தாளை அவள் திரும்பக் கீழே விடவில்லை. விரலால் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.