ஒரு கை பட்ட சாதனை

சென்னையில் என் மகள் பட்டர்ஃப்ளை நீச்சலில் மாநிலச் சாதனையை முதன்முறை முறியடித்தபோது அரங்கில் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். நான் எழவில்லை. கடைசிச் சுவரை அவள் ஒரு கையால்தான் தொட்டாள். இரண்டு கைகளும் ஒன்றாகப் படவேண்டும் என்பது விதி; படாவிட்டால் தகுதிநீக்கம். சுவரோரம் நின்ற நடுவர் அந்த நொடியில் எந்த ஊர் நினைப்பில் இருந்தாரோ, எதுவும் சொல்லவில்லை.

அது கிணற்றுப் பழக்கம். ராஜபாளையத்துக்கு மேற்கே என் மைத்துனரின் மாந்தோப்புக் கிணற்றில்தான் அவள் நீந்தப் பழகியது. அங்கே படிக்கல்லை ஒரு கையால் பிடித்துத்தான் திரும்பவேண்டும். இன்னொரு கைக்கு இடமில்லை. பிறகு மதுரை நீச்சல்குளத்தில் பயிற்சியாளர் வருடக்கணக்கில் கத்தியும், மூச்சு முட்டும்போது அந்த ஒற்றைக் கை முந்திக்கொள்ளும்.

ஆட்சேபம் தெரிவிக்க அரை மணி நேரம் உண்டு. தாலுகா அலுவலகத்தில் மனுக்களோடு வாழ்ந்து ஓய்வுபெற்றவனுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன், தாகமில்லாமல் தண்ணீர் குடித்தேன்.

"செத்த நேரம் ஒரு எடத்துல இருங்களேன். எம்புட்டு தடவ கடியாரத்தப் பாப்பீக?" என்றாள் மனைவி.

தலையில் துண்டோடு மகள் வந்தாள். "அப்பா, ஒரு கைதான் பட்டுச்சு. பாத்தீகளா?"

"பாத்தேன்."

"பொறவு ஏன் பேசாம இருக்கீக?"

"ஆட்சேபம் தோத்தவிய குடுக்கணும். ஜெயிச்சவ தன் மேலயே மனு குடுக்க விதியில எடமில்ல."

"இது ஒண்ணும் உங்க தாலுகா ஆபீஸ் இல்ல" என்று சொல்லிவிட்டு அவளே தலைமை நடுவரிடம் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "நடுவர் சீட்டுல ஒண்ணும் எழுதலையேம்மா. நீ சொல்றேங்கறதுக்காக நான் எப்படி அழிக்க முடியும்?"

விதிப்படி சரியான பதில். அப்படிப்பட்ட பதிலைக் கேட்டு எனக்கு எரிச்சல் வந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை.

எங்கள் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் படம் போட்டு பேனர் கட்டினார்கள். மடவார் வளாகத்து உறவினர்கள் பால்கோவாவோடு வந்தார்கள். அவள் மாடியை விட்டு இறங்கவில்லை. மறுநாள் காலை பயிற்சிக்கு மதுரை பஸ் ஏறிவிட்டாள். அடுத்த இரண்டு வருடமும் அப்படித்தான். பதக்கங்கள் வந்தன, அந்தச் சாதனை நேரம் மட்டும் அசையவில்லை. தமிழ்நாட்டிலேயே அது ஒழியவேண்டும் என்று துடித்தது, அதைச் செய்தவள் ஒருத்திதான்.

மூன்றாம் வருடம் அந்தச் சாதனை ஒழிந்தது. இரண்டு உள்ளங்கைகளும் சுவரில் அறைந்த சத்தம் கம்பியோரம் நின்ற எனக்கே கேட்டது. நேரம் காட்டும் பலகையை அவள் பார்க்கவில்லை. தண்ணீரிலிருந்தபடியே அண்ணாந்து நடுவரிடம் கேட்டாள்:

"நல்லாப் பாத்தீகளா, சார்?"