கம்பியக்காவின் பூஜ்யம்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் கம்பியக்கா என்று பேர். பெரிய பட்டமெல்லாம் கிடையாது, கை உண்டு. கடுகில் நூறில் ஒரு பங்குகூட இராத துணுக்கின் மேல், நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய நாலு கம்பிகளை ஒட்டுவாள். இரண்டு மின்சாரத்தைச் செலுத்தும், இரண்டு அளக்கும். துணுக்கை இரண்டு வைரங்களுக்கு நடுவே வைத்து நசுக்கிக் குளிரவைப்பார்கள். மின்சாரத்தைத் துளியும் தடுக்காத புதுப்பொருள் அப்படித்தான் பிறக்கும் என்று பேராசிரியர் முப்பது வருஷத்தைக் கொட்டினார். கிட்டாதாயின் வெட்டென மற என்பார்கள். அவர் மறக்கிற ஆளா?

ஒருநாள் பிற்பகல் துணுக்கின் மின்தடை மளமளவென்று இறங்கிப் பூஜ்யத்தில் நின்றது. மனிதர் சந்தோஷத்தில் விம்மி விம்மி அழுதார். சற்று நேரத்தில் வைரம் வெடித்துச் சகலமும் தூள். மிஞ்சியது, அதற்கு முன் கம்பியக்கா எடுத்த ஒரே படம். பெரிதாக்கிப் பார்த்தாள். அழுத்தத்தில் நகர்ந்து, அளக்கும் கம்பிகள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஒட்டினால் பூஜ்யம் வராமல் வேறென்ன வரும்?

அழுகிற மனிதரிடம் எந்த வாயால் சொல்வது? நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினாள். கட்டுரை அச்சானது, அடுத்த மாதமே மாரடைப்பில் அவர் போய்ச் சேர்ந்தார். போனவர் சும்மாவா போனார்! கண்ணை மூடினால் அந்த இரண்டு கம்பிகள். பூட்டிய அறைக்குள் யாரோ விம்முவார்கள். திறந்தால் குளிரூட்டும் பம்பு ஓடிக்கொண்டிருக்கும்.

அந்தப் பூஜ்யத்தை மறுபடி வரவழைக்க ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். மூன்று வருஷத்தில் பதினேழு வைரங்கள் உடைந்ததுதான் மிச்சம். இன்று மேசையைக் காலி செய்துகொண்டிருந்தாள்.

"என் கைதான் விளங்கலக்கா. உங்க கை மாதிரி வருமா?"

சுருக்கென்று தைத்தது. கம்பியக்கா இழுப்பறையைத் திறந்து படத்தை நீட்டினாள்.

பெண் பார்த்தாள்.

"ஒட்டியிருக்கு! இது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா. அந்தச் சந்தோஷத்தக் கெடுக்க மனசு வரல."

"சரி, அவரு போயிட்டாரு. அதுக்கப்புறம் மூணு வருஷமா யாருக்காகக்கா மறைச்சீங்க? நான் தினமும் உங்க முன்னாடிதானே அழுதேன்?"

அவர் பேருக்காக என்று சொல்ல வாயெடுத்தாள். அது பொய்.

"எனக்காகத்தான்" என்றாள். "அந்தக் கம்பிய ஒட்டுனது நான்."