காலா மாஸ்டரின் பற்கள்

சுவிசேஷமுத்து யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பார். அந்த வாய் என்ன பேசுகிறது என்பது அவருக்கு அப்புறம்தான். பூனாவை ஒட்டிய போபோடியில் பாதிப் பேர் புகையிலை குதப்பிகள், மீதிப் பேர் பல் குத்திகள் என்பது அவருடைய முடிவு. சர்ச்சில் பாதிரியார் பிரசங்கம் செய்யும்போதுகூட, மேல்வரிசையில் இடது கடைவாய்ப் பல் இல்லாததால்தான் மனுஷனுக்குச் சொல் நழுவுகிறது என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார். பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் அவர் மனைவி மில்ட்ரெட்.

"ஜெபம் பண்ணுங்க. வாயப் பாக்கவா வந்தீங்க?" என்பாள் அவள்.

தெற்கே நாசரேத் பக்கத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் பக்கத்துக் கட்கிக்கு வந்தவர். ராணுவ ஆஸ்பத்திரி ஒன்றின் பல் பிரிவில் பிளாஸ்டர் கலக்கும் வேலை கிடைத்தது. யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. அடுத்த மேஜையில் நடப்பதைப் பார்த்தும், கிழிந்த ஒரு இங்கிலீஷ் புத்தகத்தை அகராதியோடு எழுத்துக்கூட்டிப் படித்தும், மெழுகில் பல் அடுக்கக் கற்றுக்கொண்டார். இருபத்தாறு வருஷம் சிப்பாய்களுக்கும் சுபேதார்களுக்கும் பல் செட் செய்தார். எழுபத்தாறாம் வருஷம் அந்த வேலையை விட்டு, போபோடி வீட்டின் முன் அறையில் தனியாக மேஜை போட்டுக்கொண்டார். யாராவது 'டாக்டர் சாப்' என்று கூப்பிட்டுவிட்டால் போச்சு. "டாக்டர் பிடுங்குதவன். நான் செய்யுதவன். மெக்கானிக்னு சொல்லும்" என்பார், இந்தியிலும் மராத்தியிலும்.

சினிமாக்காரர்களைப் பற்றி அவருக்குத் தனிக் கருத்து எதுவும் இருந்ததில்லை. எண்பத்தாறாம் வருஷம் ஜூலை மாதம், மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு காலை, இரண்டு பேர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். அன்றிலிருந்து இருந்தது.

ஒருவர் பழக்கமானவர். இஸ்மாயில், கட்கி பஜார்க்காரர், வயது ஐம்பத்தெட்டு. எழுபத்தொன்பதில் எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டு இவரிடம்தான் முழு செட் கட்டினார். அதற்கு முன்னால் அவர் முகம் தெரியாத ஆள் பூனாவில் கிடையாது. 'காலா மாஸ்டர்' என்று ஒரு இந்தி சித்திரக்கதை அப்போது வாராவாரம் வந்துகொண்டிருந்தது. அதன் வில்லன் பார்க்கச் சாதாரணப் பள்ளிக்கூட வாத்தியார். கறுப்புத் தொப்பி, கழுத்து வரை பொத்தான் போட்ட கோட்டு, கையில் பிரம்பு. முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து. ஆளைத் தீர்த்துக் கட்டுமுன் "ஷாபாஷ்" என்று பாராட்டுவான். அந்தச் சந்து வழியாக ஒரு விசில் வரும். எழுபத்து மூன்றில் அது படமாக வந்தபோது வில்லன் இஸ்மாயில்தான். முன்பல் சந்து அவருக்குப் பிறவியிலேயே இருந்தது.

கூட வந்தவன் விச்சு. பம்பாய் மாதுங்காவில் வளர்ந்த தமிழ்ப் பையன், முப்பது வயதுக்குள் இருக்கும். அதே கதையைப் புதிதாகப் படம் எடுக்கிறார்களாம். வில்லனின் தோற்றத்தை மாற்றி அமைப்பது இவன் பொறுப்பாம். சுவிசேஷமுத்து அவன் வாயைப் பார்த்தார். கீழ்வரிசை முன்பல் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நின்றது. கண்ணாடி பார்க்கிறபோது தன் முகத்தையே சரியாகப் பார்க்காதவன் இன்னொருத்தன் முகத்தை மாற்ற வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார்.

விச்சு படத்தை விரித்தான். தோல் ஜாக்கெட், தோளில் ஆணிகள், மொட்டைத் தலை. வாயில் மேலிருந்து நான்கு கோரைப்பல், வெள்ளிப் பளபளப்பில், ஒவ்வொன்றும் கட்டைவிரல் நீளம்.

"இது யாரு?"

"காலா மாஸ்டர்தான் சார். புது அவதாரம். பழைய வாத்தியார் கெட்டப்பெல்லாம் இப்ப எடுபடாது."

"வாத்தியாருக்கு எதுக்குவே இவ்வளவு நீளம் பல்லு? வாயை மூடினா கீழ் உதட்டைக் குத்திட்டு வெளியே வரும்."

"படத்துல அவர் வாயை மூடவே மாட்டார் சார்."

"எச்சி முழுங்க மாட்டாரா?"

விச்சு சிரித்தான். சுவிசேஷமுத்து சிரிக்கவில்லை, அவர் கேட்டது உண்மையான கேள்வி.

உள்ளிருந்து டீ கொண்டுவந்த மில்ட்ரெட் படத்தை எட்டிப் பார்த்தாள். அவள் ஸ்கூல் டீச்சர். "அரே, இது என்ன பக்வாஸ்? எங்க ஸ்கூல்ல இப்படி ஒருத்தர் வந்தா பசங்க கைதட்டுவாங்க. பழைய மாஸ்டர் மாதிரி ஒருத்தர் வந்தாத்தான் மூச்சு விடாம உக்காருவாங்க" என்றாள்.

விச்சு அவசரமாக டீயைக் குடித்தான். அவன் முன்னாடியே போய்விட, இஸ்மாயில் மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவர் பேசியது இந்தியில்.

"மாஸ்டர்ஜி, பதினைஞ்சு நாள்ல கசார்வாடியில டெஸ்ட். ஒரு பழைய ஷெட்டுல கேமரா வைக்கிறாங்க. புரொட்யூசர் என்னைப் பார்க்கச் சம்மதிச்சதே பழைய பேருக்காகத்தான். எனக்குச் சரிவரலைன்னா பம்பாய்ல ஒரு பயில்வானைத் தயாரா வச்சிருக்காங்க. ஏழு வருஷமா நான் என்ன வேஷம் போடறேன் தெரியுமா? ஜட்ஜ். கல்யாணப் பொண்ணோட அப்பா. ஒரே சீன் டாக்டர். இந்தப் பல்லை மாட்டினதுலேருந்து ஒரு டைரக்டரும் என்னை வில்லனாப் பார்க்கலை. பேங்க் மேனேஜர் மாதிரி இருக்கேனாம்."

"நல்ல பல்லு. ஏழு வருஷமா ஆட்டம் கண்டுச்சா?"

"ஆட்டமே இல்லை. அதான் சொல்றேன்."

இஸ்மாயில் போன பிறகு சுவிசேஷமுத்து பலகைத் தட்டிலிருந்து ஒரு பழைய பிளாஸ்டர் அச்சை எடுத்தார். டாக்டர் பல்லைப் பிடுங்கும் முன் ஒவ்வொருவர் வாயையும் அச்செடுத்து, பெயரும் தேதியும் எழுதி வைப்பது அவர் வழக்கம். 'இஸ்மாயில், 79' என்று பென்சிலில் இருந்தது. முன்பல் இரண்டுக்கும் நடுவில் அந்தச் சந்து, தெளிவாக, நகம் நுழைகிற அளவுக்கு.

அது தெரிந்தேதான் அவர் அடைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் மாதம் ஒருமுறை மேஜர் ஒருவர் வந்து வரிசையாக வைத்த செட்டுகளைக் கையில் எடுத்துப் பார்ப்பார். சந்து தெரிந்தால் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுத் திருப்பிவிடுவார். இருபத்தாறு வருஷத்தில் சுவிசேஷமுத்துவின் வேலை ஒன்றுகூடத் திரும்பியதில்லை. சந்து என்பது குறை. குறையைச் செய்துகொடுக்கச் சொல்லி யாராவது காசு கொடுப்பானா? எழுபத்தொன்பதில் இஸ்மாயில் ஏதோ ஒரு போட்டோவை நீட்டியது அரைகுறையாக ஞாபகம் வந்தது. அதை அவர் சரியாகப் பார்க்கவில்லை. நடிகன்தானே, அழகாக இருக்கட்டும் என்று முன்பல் ஆறையும் நெருக்கி வைத்துவிட்டார்.

அந்தப் பதினைந்து நாளுக்குள் இரண்டு மேல்வரிசை செய்தார். முதலாவது விச்சு வரைந்த கோரை. விச்சுவுக்குச் சிங்கப் பல்லுக்கும் நாய்ப் பல்லுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, நான்கும் நான்கு திசையைப் பார்க்கின்றன, எலும்பே இல்லாத இடத்தில் பல் முளைத்திருக்கிறது என்று திட்டிக்கொண்டே செய்தார். திட்டினாலும் அண்ணத்தில் மெழுகு ஒரு நூல் இழை கூட விலகவில்லை. இரண்டாவது யாரும் கேட்காதது. பழைய அச்சைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தச் சந்தை அப்படியே கொண்டுவந்தார். சந்து மட்டும் போதாது. விசில் வருவதற்குப் பல்லுக்குப் பின்னால் அண்ணத்தில் இருக்கும் வரப்பும் வேண்டும். மூன்று தரம் மெழுகை வழித்துப் போட்டு மறுபடி வைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு குறையை அளந்து செய்தார்.

டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பு இஸ்மாயிலைக் கூப்பிட்டு மாட்டிவிட்டார். "சொல்லும்."

"ஷாபாஷ்."

மெலிசாக, நீளமாக, கூரை வரைக்கும் போய் நின்றது அந்த விசில். உள்ளே மில்ட்ரெட் கழுவிக்கொண்டிருந்த பாத்திரச் சத்தம் நின்றது. "ஐயையோ, யார் வந்திருக்கா?" என்றாள்.

இஸ்மாயில் கண்ணாடியைக் கீழே வைத்தார். "இதை ஏழு வருஷத்துக்கு முன்னால ஏன் செய்யலை?"

"நீர் கேக்கலை."

"கேட்டேன். போட்டோ காட்டினேன். 'அதெல்லாம் சரி பண்ணிடலாம்'னு சொன்னீங்க."

சுவிசேஷமுத்து துணியை எடுத்தார். துடைத்த மேஜையையே திரும்பவும் துடைத்தார்.

கசார்வாடியில் பழைய பம்பாய் ரோட்டை ஒட்டி, தகரக் கூரை போட்ட ஷெட். முன்பு லாரி ஸ்பிரிங் செய்த இடம். தயாரிப்பாளர் வெள்ளை சபாரி அணிந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எல்லாப் பல்லும் பான் கறை. ஓர் ஓரத்தில் அந்தப் பயில்வான் ஸ்டூலில் அமர்ந்து வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மாடு அசை போடுவதுபோல ஒரு பக்கமாகவே மென்றான். வலது கீழ்ப் பக்கத்தில் சொத்தை இருக்கும் என்று சுவிசேஷமுத்து கணித்தார்.

"முதல்ல இதைப் பாருங்க" என்று விச்சுவிடம் சொல்லி, இஸ்மாயிலுக்குச் சந்து வைத்த செட்டை மாட்டினார். இஸ்மாயில் பழைய கோட்டையும் தொப்பியையும் கொண்டுவந்திருந்தார். விளக்கு போட்டார்கள். இஸ்மாயில் மெதுவாக நடந்து வந்து, பிரம்பைப் பின்னால் பிடித்துக்கொண்டு, கேமராவைப் பார்த்துப் பாராட்டினார். விசில் தகரத்தில் பட்டுத் திரும்பியது. பயில்வான் வாழைப்பழத்தைக் கடித்தபடி அப்படியே இருந்தான். லைட் பையன்கள்கூட அசையவில்லை.

தயாரிப்பாளர் கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். "பயமாத்தான் இருக்கு. எங்க மாமா ஞாபகம் வருது, அவரும் வாத்தியார். ஆனா மாமாவைப் பார்க்க எவன் டிக்கெட் வாங்குவான்? விச்சு, புதுசைக் காட்டு."

கோரையை மாட்டினார்கள். தோல் ஜாக்கெட் போட்டார்கள். இஸ்மாயிலுக்கு 'ஷாபாஷ்' வரவில்லை. ஏதோ காற்று மட்டும் வந்தது, மோவாயில் எச்சில் வழிந்தது. தயாரிப்பாளர் எழுந்து நின்று கைதட்டினார். "இதுதான்! வசனத்துக்கு பம்பாய்ல வேற குரல் வச்சுக்கலாம்."

இஸ்மாயிலின் முகம் ஒரு கணம் தொங்கியது. அப்புறம் அவர் கோரையைக் காட்டிச் சிரித்தார். சுவிசேஷமுத்துவுக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பதினைந்து நாள் மெழுகை வழித்தது இதற்கா?

"பல்லு பிரமாதம். ஆனா உடம்பு வேணும்" என்றார் தயாரிப்பாளர், இஸ்மாயிலின் தோளில் தொங்கிய ஜாக்கெட்டைப் பார்த்து. "அதைக் கழட்டிப் பயில்வானுக்கு மாட்டுங்க."

ஷெட்டில் எல்லோரும் பல் மெக்கானிக்கைப் பார்த்தார்கள். இஸ்மாயிலும் பார்த்தார். கோரையைக் கழற்றி உள்ளங்கையில் வைத்திருந்தார். பல் இல்லாத வாய் உள்ளே ஒடுங்கி, எழுபது வயதுக்காரர்போல் தெரிந்தார்.

சுவிசேஷமுத்து பயில்வானிடம் போனார். "வாயைத் திற" என்றார். டார்ச் அடித்துப் பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டார்.

"மாட்டலாம். மேல்வரிசை முழுக்கப் பிடுங்கணும். பதினாறு பல்லு."

பயில்வான் வாயை மூடிக்கொண்டான்.

"சார், இருக்கிற பல்லுக்கு மேலேயே மெலிசா ஒரு மூடி மாதிரி பண்ண முடியாதா?" என்று விச்சு கேட்டான்.

முடியும். அச்சு எடுத்தால் நான்கு நாள் வேலை. கட்கியில் இருந்தபோது தாடை உடைந்த சிப்பாய்களுக்கு அந்த மாதிரி நூறு செய்திருக்கிறார். தொழிலைப் பற்றி இதுவரை அவர் ஒருவரிடமும் பொய் சொன்னது கிடையாது. வெற்றிலை போடுகிற மந்திரி ஒருவரிடமே "உங்க வாய்க்கு நான் செட் கட்ட மாட்டேன்" என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர்.

அவர் விச்சுவின் கீழ்வரிசையைப் பார்த்தார். ஏறி நின்ற பற்களில் காலையில் தின்ற ஏதோ ஒட்டியிருந்தது.

"முடியாது" என்றார்.

"முடியாதா, இல்ல..."

"நீரு படம் வரையுதீரு. நான் பல்லு செய்யுதேன். முடியாதுன்னா முடியாது."

பயில்வான் ஏற்கெனவே வாசல் பக்கம் நகர்ந்திருந்தான். தயாரிப்பாளர் இஸ்மாயிலைத் தலையிலிருந்து கால் வரை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "ஜாக்கெட்டுக்குள்ள பஞ்சு வச்சுத் தையுங்க" என்றார். வேஷம் இஸ்மாயிலுக்குத்தான் என்பது அப்படித்தான் முடிவாயிற்று. மாற்றுக்கு இன்னும் நான்கு கோரை செட் வேண்டும் என்று போகிறபோக்கில் சொன்னார்கள்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் இஸ்மாயில் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "மாஸ்டர்ஜி, அந்த விசில் செட்..."

"வச்சுக்கிடும். சினிமாக்காரன் காதுக்கு அது தகாது."

"நான் அதைச் சொல்ல வரலை. அந்தப் பயில்வான் விஷயம்..."

"தெரியும். பஸ் வருது, ஏறும்."

சாயங்காலம் மில்ட்ரெட் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டு சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தாள்.

"பொய் சொல்லிட்டு வந்திருக்கீங்க."

"பல்லே விளக்காதவங்கிட்ட பல்லைப் பத்திச் சொன்னது எப்படிப் பொய்யாகும்?"

"ஞாயித்துக்கிழமை பாதிரியார்கிட்ட சொல்லுங்க."

"அவருக்கு முதல்ல அந்த இடது கடைவாய்ப் பல்லைக் கட்டச் சொல்லு."

அவள் சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. சுவிசேஷமுத்து முன் அறைக்குப் போய் விளக்கைப் போட்டார். மேஜை மேல் விச்சுவின் படம் கிடந்தது. கோரை நான்கையும் உட்பக்கமாக லேசாகச் சாய்த்தால் எச்சில் வழியாது. 'ஷா' வராவிட்டாலும் 'பா' வரும். இஸ்மாயில் சொந்தக் குரலில் பாதியையாவது பேசட்டும். படத்தில் இருந்த பற்களின் மேல் பென்சிலால் புதுக் கோடு போட்டார்; அழுத்திப் போட்டதில் தாள் கிழிந்தது. அதைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் எறிந்துவிட்டு, பிளாஸ்டர் கலக்கத் தண்ணீர் எடுத்தார்.