எட்டாவதாகப் படகில் ஏறியவர்

கட்டுக்கதை சொல்லி உங்களைப் பயமுறுத்தி எனக்கு என்ன ஆகப்போகிறது? இது என் சொந்த அண்ணிக்கு நடந்தது. இருட்டு, ஒற்றையடிப் பாதை, வெள்ளைப் புடவை எதுவும் இதில் வராது. பட்டப்பகலில், உச்சி வெயிலில், அத்தனை பேர் உட்கார்ந்திருந்த படகில் நடந்தது. நம்பாதவர்கள் தாராளமாக நம்பாமல் இருங்கள். அண்ணி இன்றைக்கும் ஈர டவலைக் கையால் தொடமாட்டார்.

ஐம்பது வயதில் என் அண்ணனுக்குக் கடலுக்கடியில் நீந்தும் கிறுக்கு பிடித்தது. முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு மீன் பார்க்கப் போகிறாராம். அண்ணிக்கோ கணுக்கால் அளவு தண்ணீரே ஆகாது. அருவருப்பு என்று வந்துவிட்டால் அவரை மிஞ்ச ஆளே இல்லை. ஹோட்டலில் டம்ளரை மூன்று தடவை கழுவச் சொல்லும் ரகம். அப்படிப்பட்டவரை ஒரு வார விடுமுறைக்கு அண்ணன் ஒரு தீவுக்கு இழுத்துக்கொண்டு போனார். சும்மா படகில் உட்கார்ந்து காற்று வாங்கினால் போதும் என்று ஆசைகாட்டி.

மூன்றாம் நாள் காலை. அண்ணனையும் பயிற்சியாளரையும் சேர்த்து எட்டு பேர் இறங்கவேண்டும். எட்டு பேரும் கறுப்பு ரப்பர் உடை போட்டார்கள். அப்புறம் வரிசையாக உட்கார்ந்து கண்ணாடி முகமூடிக்குள் காறித் துப்பினார்கள். துப்பியதை விரலால் நன்றாகத் தேய்த்தார்கள். அப்படிச் செய்தால்தான் கண்ணாடியில் ஆவி படியாதாம். அண்ணனும் துப்பினார்.

"கண்றாவி! இதுக்கா லீவு போட்டு வந்தோம்? போய்த் தொலைங்க!" என்று அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

படகுக்காரர் பேர் எழுதிய ஒரு அட்டையை அண்ணியிடம் நீட்டினார். வழக்கமாக அவர் மனைவிதான் பேர் சரிபார்ப்பாராம். அன்றைக்கு அந்த அம்மாவுக்குக் காய்ச்சல்.

"நீங்க கொஞ்சம் பாத்துக்குங்கம்மா. மேல வந்ததும் பேர் சொல்லிக் கூப்பிடுங்க. வாயைத் திறந்து 'இருக்கேன்'னு சொன்னாத்தான் டிக் போடணும். தலையை மட்டும் எண்ணாதீங்க."

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. இருபது வருஷமாக மூன்றாம் வகுப்பு டீச்சர். நாற்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் எண்ணி வருகைப் பதிவேட்டை மூடுகிறவர். அவருக்கே பாடமா?

பத்து ஐம்பதுக்கு எட்டு பேரும் குதித்தார்கள்.

பதினொன்று நாற்பதுக்கு ஒவ்வொருவராக ஏறினார்கள். ஐயோ, அந்தக் காட்சி! முகமூடியைக் கழற்றினால் மூக்கிலிருந்து தாடைவரை சளி தொங்குகிறது. ஒருவர் ஏறியதும் ஏறாததுமாக வாந்தி எடுத்தார். பயிற்சியாளர் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாந்தி அண்ணியின் செருப்புவரை ஓடிவந்தது. அண்ணி மூக்கைப் பொத்திக்கொண்டார். பேர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தால் தானும் வாந்தி எடுத்துவிடுவோம் என்று தோன்றியது. ஓரக்கண்ணால் தலைகளை எண்ணினார். ஐந்து... ஆறு... ஏழு... கடைசியாக ஏறி முன்பக்கம் போய் உட்கார்ந்தவரோடு எட்டு.

எட்டு டிக்.

"சரியா இருக்கு!"

பதினொன்று ஐம்பத்திரண்டு. மோட்டார் 'தடதட'வென்று கிளம்பியது.

முன்பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர் அண்ணன்தான் என்று அண்ணி நினைத்தார். அதே உடம்பு வாகு. காலையில் திட்டியதற்குக் கோபம்போல என்று டவலை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் இன்னும் முகமூடியைக் கழற்றவில்லை. மூச்சுக்குழாயையும் வாயிலிருந்து எடுக்கவில்லை. அதைக் கடித்துக்கொண்டே இருந்தார். நறுக்... நறுக்...

கிட்டே போகப் போக நாற்றம். ஒரு வாரம் மூடிவைத்த மீன் டப்பாவைத் திறந்த மாதிரி.

"என்னங்க, என்ன கருமம் இது? எதை மிதிச்சீங்க?"

நறுக்... நறுக்...

மற்றவர்களின் உடைகளில் தண்ணீர் வடிந்து நின்றுவிட்டது. இவர் உடையில் நிற்கவில்லை. சொட்டுச் சொட்டாக... கொழகொழவென்று...

அண்ணி டவலைத் தோளில் போட்டு அழுத்தினார். தோள் அமுங்கியது. உள்ளே எலும்பு தட்டவில்லை.

அப்போதுதான் பார்த்தார். உடையின் கையில் மஞ்சள் பட்டை. அண்ணன் உடையில் பட்டை கிடையாது.

வாயில் இருந்த குழாயின் மறுமுனை எதிலும் சேரவில்லை. சும்மா தொங்கியது.

அவர் மெதுவாகத் திரும்பினார்...

முகமூடிக்குள் தண்ணீர் தளும்பத் தளும்ப நிறைந்திருந்தது.

அதில் வெள்ளையாக என்னவோ நெளிந்தது.

உதடுகள் இல்லை.

அவர் குழாயை வெளியே இழுத்தார்... பற்களும் அதோடு வந்தன.

"ஐயய்யோ! என் வீட்டுக்காரர் எங்க? படகை நிறுத்துங்க!"

'தொப்.'

எல்லாரும் திரும்பினார்கள். முன்பக்கம் யாரும் இல்லை. பலகையில் பச்சைக் கொழகொழப்பு. டவல் அதில் ஒட்டிக் கிடந்தது.

மணி பன்னிரண்டு நாலு.

படகுக்காரர் ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படியே படகைத் திருப்பினார். பன்னிரண்டு முப்பத்தொன்றுக்கு அண்ணனைக் கண்டுபிடித்தார்கள். கத்திக் கத்தித் தொண்டை கட்டி, அலையில் பந்து மாதிரி மிதந்துகொண்டிருந்தார். மேலே தூக்கியதும் அண்ணி அவர் முகத்துச் சளியைத் தன் முந்தானையால் துடைத்தார். "நான் கூப்பிடலையே... பேர் சொல்லிக் கூப்பிடலையே..." என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

கொஞ்சம் தெளிந்தபின் அண்ணன் சொன்னார். மேலே வரும்போது, உடம்புக்கு எதுவும் ஆகாமலிருக்க, ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிஷம் நின்றுதான் வரவேண்டுமாம். நின்றுகொண்டிருந்தபோது யாரோ வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார்களாம்.

"இங்கயே இருன்னு சைகை காட்டினாரும்மா. பயிற்சியாளர்னு நெனச்சேன். என்னை நிறுத்திட்டு அவரு மட்டும் மேல போனாரு. காத்திருந்து பாத்துட்டு நான் மேல வந்தா படகைக் காணோம்."

அண்ணனின் கைக்கடிகாரப் பட்டைக்கடியில் ஏதோ உறுத்தியது. கழற்றிப் பார்த்தால்... ஒரு நகம். சதையோடு. அதைப் பார்த்துத்தான் அண்ணி கடைசியில் வாந்தி எடுத்தார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு, ரப்பர் உடைகள் காயப்போட்டிருந்த அறையில் படகுக்காரரைப் பிடித்து உலுக்கினார்.

"மஞ்சப் பட்டை போட்ட உடை யாரோடது? உண்மையச் சொல்லுங்க!"

அவர் முகம் வெளுத்துவிட்டது. "அந்த மாதிரி உடை இப்ப எங்ககிட்ட இல்லம்மா. நாலு வருஷம் முன்னாடி ஒருத்தர் போட்டுக்கிட்டு இறங்கினார். அவர் கெடைக்கவே இல்ல."

"அடப்பாவி, எண்ணாம விட்டுட்டா வந்தீங்க?"

"எண்ணிட்டுத்தான்மா வந்தேன். ஆறு பேர் இறங்கினாங்க. கரை கண்ணுல படுற வரைக்கும் என் படகுல ஆறு பேரும் உட்கார்ந்திருந்தாங்க."